லுகாகு தொடாத பந்து

2018 ஜூலை 2. நம் கடிகாரத்தில் இரவு 11.30-க்கு ரஷ்யாவின் ரோஸ்டோவ் நகரில் பெல்ஜியம், ஜப்பான் ஆட்டம் தொடங்கியது. உலகக் கோப்பையில் தோற்றவர் ஊருக்குக் கிளம்ப வேண்டிய சுற்று. எங்கள் கடைசிப் பதிப்பின் விளையாட்டுப் பக்கம் ஒன்றரை மணிக்கு அச்சுக்குப் போயாக வேண்டும். அலுவலகத்தில் நானும் பக்கம் வடிவமைக்கும் தம்பியும் மட்டும். இடைவேளை முடிந்த ஏழே நிமிடத்துக்குள் ஜப்பான் இரண்டு கோல் போட்டுவிட்டது. ‘வெளியேறியது பெல்ஜியம்’ என்று தலைப்பை அடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வெர்டோங்கன் தலையால் முட்டி ஒன்று, ஃபெலைனி தலையால் முட்டி இன்னொன்று. 2-2. தலைப்பை அழித்தேன்.

94-வது நிமிடம். ஹோண்டா அடித்த கார்னரை பெல்ஜிய கோல்கீப்பர் கூர்ட்வா கையில் பிடித்தார். பிடித்த சூட்டோடு தரையில் உருட்டி டி புருய்னிடம் கொடுத்தார். டி புருய்ன் நடு மைதானத்தில் பந்தோடு பாய்ந்தார். அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் ரொமேலு லுகாகு. அந்த நேரத்தில் எந்த ஸ்ட்ரைக்கரும் கையைத் தூக்கிப் பந்தைக் கேட்பார். லுகாகு கேட்கவில்லை. வலப்பக்கத்திலிருந்து உள்ளே வளைந்து நடுவை நோக்கி ஓடினார். இவரை விட்டால் கதை முடிந்தது என்று ஜப்பான் டிஃபெண்டரும் உள்ளே இழுபட, வலது ஓரம் ஆளில்லாமல் திறந்தது. அந்த வழியே ஓடிவந்த முனியேவுக்குப் பந்து போனது. அவர் கோல் முகத்துக்குக் குறுக்கே தரையோடு தள்ளிவிட்டார். பந்து லுகாகுவை நோக்கித்தான் வந்தது. அவரை ஒட்டியபடி ஜப்பானின் ஹசெபே. லுகாகு தொடவில்லை. பந்தைப் போக விட்டார். அப்பால் ஓடிவந்த ஷாட்லி காலை வைத்தார். கோல். கூர்ட்வாவின் கையிலிருந்து ஜப்பானின் வலை வரைக்கும் மொத்தம் பத்து நொடி இருக்கும்.

ஏஜென்சி செய்தி வந்தது. கோல் ஷாட்லி, பந்து கொடுத்தது முனியே, எடுத்துக்கொண்டு ஓடியது டி புருய்ன். லுகாகுவின் பெயர் அந்தப் பத்தியில் இல்லை. நானும் அப்படியே தமிழாக்கினேன். அதோடு என் பங்குக்குக் கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன்: இந்த ஆட்டத்தில் லுகாகு கோல் அடிக்கவில்லை என்று.

பனாமாவுக்கு எதிராக இரண்டு, துனீசியாவுக்கு எதிராக இரண்டு என்று முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் நான்கு கோல் போட்டிருந்த நேரம் அது. துனீசியா ஆட்டத்துக்கு நான் வைத்த தலைப்பு, ‘கறுப்புக் காளையின் பாய்ச்சல்’. அலுவலகத்தில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இருபத்தேழு ஆண்டுகள் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் பழைய பக்கங்களை அடுக்கும்போது லுகாகு பற்றி நான் எழுதிய வார்த்தைகளை ஒரு தாளில் குறித்துப் பார்த்தேன். காளை, மலை, எந்திரம், புல்டோசர், முரட்டு யானை. அதே பக்கங்களில் கெவின் டி புருய்ன் ‘அணியின் மூளை’. ஈடன் ஹசார்டு ‘மந்திரக்கால்’. ஒரே அணி, ஒரே சட்டை. ஒருவருக்கு மூளை, ஒருவருக்குக் கால், லுகாகுவுக்கு மட்டும் உடம்பு. இதில் எந்த வார்த்தையையும் நான் வசையாக எழுதவில்லை. ரசித்துத்தான் எழுதினேன். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். குரங்கு போலச் சத்தம் எழுப்புகிற ரசிகனைக் கண்டிக்க எந்தப் பத்திரிகைக்கும் தயக்கம் இல்லை. ரசிக்கிற நம் கை எழுதுவதை யார் பார்ப்பது?

லுகாகு 1993 மே 13 அன்று ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்தவர். அப்பா ரோஜர் லுகாகு காங்கோவிலிருந்து பெல்ஜியம் வந்த தொழில்முறை ஆட்டக்காரர், அப்போது ஸைர் என்று பெயர்கொண்டிருந்த அந்த நாட்டின் அணிக்கும் ஆடியவர். அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்ததும் வீட்டில் பணம் தீர்ந்தது. பையன் உயரமாக, அகலமாக வளர்ந்தான். பதினொரு வயதில் லியர்ஸ் கிளப்பின் சிறுவர் அணியில் ஆடப் போன இடத்தில், எதிரணிப் பையன் ஒருவனின் பெற்றோர் லுகாகுவை மைதானத்துக்குள் விடாமல் தடுத்துப் பார்த்தார்கள். இவனுக்கு என்ன வயது, அடையாள அட்டை எங்கே, எந்த ஊர்க்காரன் என்று கேள்வி. அப்பா கூட வரவில்லை. அவரிடம் அப்போது கார் இல்லை. பையன் தானே போய்ப் பையிலிருந்து அட்டையை எடுத்து வந்து அங்கிருந்த பெற்றோர் எல்லாரிடமும் காட்டினான். பிறந்த ஊர் ஆண்ட்வெர்ப் என்று அதில் இருந்தது.

பதினொரு வயதில் அந்த உடம்பு அவன்மேல் ஒரு குற்றச்சாட்டு. பதினாறில் அதுவே விலை. 16-வது பிறந்தநாள் அன்று ஆண்டர்லெக்ட் கிளப் அவரோடு ஒப்பந்தம் போட்டது. பதினொரு நாள் கழித்து, ஸ்டாண்டர்டு லியேஜுக்கு எதிராக லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் மாற்று வீரராக இறக்கியது. அடுத்த பருவத்தில் 15 கோலுடன் பெல்ஜிய லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர். அப்போதும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். பிரஸ்ஸல்ஸில் அவர் படித்த பள்ளியை வைத்துப் பெல்ஜியத் தொலைக்காட்சி ஓர் ஆவணத் தொடரே எடுத்தது. அதில் மாணவர்கள் லண்டன் போகிறார்கள். செல்சி கிளப்பின் காலி மைதானத்தில் நின்றுகொண்டு, ஒருநாள் இங்கே ஆடினால் அழுதுவிடுவேன் என்கிறார் பையன். 2011-ல் அதே செல்சி அவரை வாங்கியது.

2018 ஜூனில், அந்த உலகக் கோப்பை தொடங்கிய வாரத்தில், லுகாகு தன் கதையைத் தானே ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். அம்மா பாலில் தண்ணீர் கலப்பதை ஆறு வயதில் பார்த்துவிட்டது. ரொட்டிக்கடையில் திங்கட்கிழமை கடன் வாங்கி வெள்ளிக்கிழமை அடைத்தது. சில வாரங்கள் மின்சாரமே இல்லாமல் இருந்தது. பன்னிரண்டு வயதில் அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு 34 ஆட்டங்களில் 76 கோல் அடித்தது. கோல் அடிக்கும்போது பத்திரிகைகள் தன்னை பெல்ஜிய வீரர் என்றும், சொதப்பும்போது காங்கோ வம்சாவளி என்றும் எழுதுவதையும் அதில் சொல்லியிருந்தார். படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம் கேட்டு வாங்கி அதைத் தமிழில் சுருக்கி எழுதினேன். வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. அந்தத் தண்ணீர்ப் பாலை யாரும் மறக்கவில்லை.

அரைப்பக்கத்துக்குள் அடக்க ஒரு பகுதியை நான் வெட்டினேன். பெல்ஜிய அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்த தியரி ஹென்றியோடு அவர் உட்கார்ந்து பேசுவது பற்றிய பகுதி அது. இந்த உலகில் தன்னைவிட அதிகமாகக் கால்பந்து பார்க்கிறவர் ஹென்றி ஒருவராகத்தான் இருக்கும் என்கிறார். இருவரும் ஜெர்மனியின் இரண்டாம் பிரிவு ஆட்டங்களைப் பற்றி, டுஸ்ஸல்டார்ஃப் அணி எப்படி நிற்கிறது என்பதைப் பற்றியெல்லாம் வாதம் செய்வார்களாம். நம் வாசகருக்கு டுஸ்ஸல்டார்ஃப் எதற்கு என்று நினைத்தேன். பசியை வைத்துக்கொண்டு படிப்பை வெட்டிவிட்டேன். எழுதிய மனிதர் இரண்டையும் தந்திருந்தார். அந்தப் பகுதியை விட்டு வைத்திருந்தால், பத்து நாள் கழித்து ரோஸ்டோவில் அவர் ஏன் உள்ளே வளைந்து ஓடினார் என்பது எனக்கே அன்றிரவு புரிந்திருக்கலாம்.

குடியேறியவர் பிள்ளையின் கதை என்றால் நாம் ஏழ்மையைத்தான் முதலில் தேடுகிறோம். ஏழ்மை உண்மைதான், அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதுவும் வயிற்றின் கதை, உடம்பின் கதை. தலைக்குள் என்ன நடந்தது என்று கேட்கும்போது நமக்கு இடம் தீர்ந்துவிடுகிறது. லுகாகுவுக்கு டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம், இத்தாலியன் பேச வரும். காங்கோவின் லிங்காலாவும் வரும். இத்தாலிக்குப் போன கொஞ்ச காலத்திலேயே நிருபர்களுக்கு இத்தாலியனில் பதில் சொன்னார். நான் இதை எழுதியிருக்கிறேன், ‘சுவையான தகவல்’ என்ற பெட்டிச் செய்தியில்.

நான் சொல்லும் இந்தப் பாராட்டு நோய் எனக்கு மட்டும் வந்ததில்லை. 2017-ல் அவர் மான்செஸ்டர் யுனைடெட் போனபோது, சொந்த ரசிகர்களே அவருடைய உடலுறுப்பை வைத்து ஒரு பாட்டு கட்டிப் பாடினார்கள். அன்பில்தான் பாடினோம் என்றார்கள். நிறவெறிக்கு எதிரான ஓர் அமைப்பு கண்டித்தது. லுகாகுவும் அதை விட்டுவிடச் சொன்னார். 2019 செப்டம்பர் 1 அன்று, இன்டர் மிலானுக்காக அவர் ஆடிய இரண்டாவது லீக் ஆட்டம். கால்யாரி மைதானத்தில் பெனால்டி அடிக்க நின்றபோது கோலுக்குப் பின்னாலிருந்து குரங்குச் சத்தம். பெனால்டியைப் போட்டுவிட்டு, சத்தம் வந்த திசையைப் பார்த்து அப்படியே நின்றார். கால்யாரி கிளப்புக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. இன்டரின் தீவிர ரசிகர் குழுவோ லுகாகுவுக்கே ஒரு கடிதம் எழுதியது. அது நிறவெறி இல்லை, எதிரணியைப் பதறவைக்க இங்கே எல்லாரும் செய்வதுதான், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று.

இரண்டு வாரம் போனது. இத்தாலியத் தொலைக்காட்சியில் மூத்த விமர்சகர் ஒருவர் லுகாகுவைப் புகழ்ந்து தள்ளினார். இவ்வளவு பலசாலியான வீரர் இத்தாலியில் இல்லை, ஒற்றைக்கு ஒற்றை மோதினால் எதிராளி விழுந்துவிடுவான் என்றார். பிறகு, இவரைத் தடுக்க வேண்டுமானால் சாப்பிடப் பத்து வாழைப்பழம் கொடுக்க வேண்டும் என்றார். அவரை உடனே நீக்கினார்கள். அவர் மன்னிப்பும் கேட்டார். அந்தப் பேச்சை நான் பல முறை கேட்டிருக்கிறேன். வாழைப்பழத்துக்கு முந்திய நொடி வரை அவர் பேசியதும் நான் தலைப்பில் போட்டதும் ஒன்றுதான். அவர் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தார், நான் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே ஆண்டு டிசம்பர் 5. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை இன்டருக்கும் ரோமாவுக்கும் ஆட்டம். ‘கோரியேரே டெல்லோ ஸ்போர்ட்’ நாளிதழ் தன் முதல் பக்கத்தில் லுகாகுவின் படத்தையும் ரோமாவின் கிறிஸ் ஸ்மாலிங் படத்தையும் போட்டு, மேலே ‘பிளாக் ஃப்ரைடே’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தது. கண்டனம் எழுந்தது. ரோமாவும் ஏ.சி. மிலானும் அந்த ஆண்டு முடியும்வரை அந்தப் பத்திரிகை நிருபர்களைத் தங்கள் வளாகத்துக்குள் விடவில்லை. பத்திரிகையோ, வேறுபாட்டைக் கொண்டாடத்தான் அப்படிப் போட்டோம் என்றது. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. இரவு ஒரு மணிக்கு ஒரு நல்ல தலைப்பு அகப்பட்டுவிட்ட சந்தோஷம் எனக்குத் தெரியும். அந்த மேஜையில் அந்த நேரத்தில், இது என்ன என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் போயிருக்கும். எங்கள் மேஜையிலும் இல்லை.

தனிமனிதர் நாக்குப் பிசகு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 2020-ல் இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐரோப்பாவின் நான்கு பெரிய லீக்குகளில் 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையை வரிவரியாகக் கேட்டுப் பிரித்தார்கள். அறிவு, உழைப்பு என்ற பாராட்டுகள் வெளிர் நிறத்தவர்களுக்கே அதிகம் போயின. வேகம், பலம் என்றால் கறுத்தவர்களுக்கு. வர்ணனையாளர்கள் யாரையும் வைது பேசவில்லை. பாராட்டைப் பங்கு வைத்த விதம் அப்படி.

பெல்ஜியத்தில் இதற்கு இன்னும் ஆழமான வேர் இருக்கிறது. காங்கோ 1885 முதல் 1908 வரை பெல்ஜிய நாட்டுக்குச் சொந்தமான காலனிகூட இல்லை, அரசர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து. ரப்பருக்காகக் கைகளை வெட்டிய காலம் அதுதான். 1897-ல் பிரஸ்ஸல்ஸை அடுத்த டெர்வுரனில் 267 காங்கோ மக்களைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். அவர்களில் ஏழு பேர் அங்கேயே இறந்தார்கள். சரி, பழைய காலம் என்று விடலாமா? 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சி நடந்தது. ஹெய்சல் மேட்டில் அதற்காகக் கட்டிய அட்டோமியம் கோபுரத்தைச் சுற்றுலாப் படங்களில் நாம் எல்லாரும் பார்த்திருப்போம். அந்தக் கண்காட்சியில் மூங்கில் வேலி போட்டு ஒரு காங்கோ கிராமத்தை வைத்தார்கள். உள்ளே நிஜ மனிதர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேலிக்கு மேலாகக் காசும் வாழைப்பழமும் எறிந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. பொறுக்க முடியாமல் காங்கோ மக்களில் ஒரு பகுதியினர் பாதியிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள். இரண்டு ஆண்டில், 1960 ஜூன் 30 அன்று, காங்கோ சுதந்திரம் பெற்றது.

பெல்ஜிய தேசிய அணியின் மைதானம் அதே ஹெய்சலில், அட்டோமியத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அந்தப் புல்வெளியில் லுகாகு பெல்ஜியத்துக்காக எத்தனையோ முறை கோல் அடித்துக் கை விரித்து ஓடியிருக்கிறார். 2017 நவம்பரில் அவர் தன் 31-வது கோலைப் போட்டு, ஃபோர்ஹூஃபும் வான் ஹிம்ஸ்டும் 30 கோலோடு பகிர்ந்து வைத்திருந்த தேசியச் சாதனையை முறியடித்தபோது வயது 24. இன்று அந்தக் கணக்கு எண்பதைத் தாண்டி நிற்கிறது. அந்த நாட்டின் கால்பந்து வரலாற்றில் அவருக்குப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அந்த 31-வது கோலும் ஜப்பானுக்கு எதிராகத்தான்.

என் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர்க் கடற்கரை. மீன்பிடிக்கிற ஊர்கள், சாயங்காலம் ஆனால் மணலெல்லாம் பந்து களி. எனக்கு மூத்த ஒருவன் எங்கள் ஊரில் இருந்தான். அவன் பந்து கொடுத்தால் ஓடுகிறவன் தலையைத் திருப்ப வேண்டியதில்லை, கால் வைக்கிற இடத்தில் பந்து வந்து கிடக்கும். நாங்கள் இருவரும் ஒரு தேர்வுக்குப் போனோம். எந்தத் தேர்வு, எந்த ஊர் என்பது வேண்டாம். தேர்வாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “கடற்கரைப் பையன். வலை இழுத்த உடம்பு. பின்னால நிறுத்துங்க, இடிச்சு ஆடட்டும்.” அவன் இடித்து ஆடத் தெரியாதவன். இரண்டு ஆட்டம் பின்னால் நின்றான். மூன்றாவதுக்குக் கூப்பிடவில்லை. திரும்பி வருகிற பேருந்தில் அவன் சொன்னது ஒன்றே ஒன்று: “நான் களிச்சத அவரு பாக்கவே இல்லடே.” பிறகு வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போய்விட்டான். அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவன் நான். அதே நான்தான் முப்பது ஆண்டு கழித்து லுகாகுவுக்குக் ‘கறுப்புக் காளை’ என்று தலைப்பு வைத்தேன்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது, தமிழில் காளை என்றால் பெருமைதானே, நம் பிள்ளைகளையே அப்படிச் சொல்வதில்லையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் பிள்ளையைக் காளை என்போம், சிங்கம் என்போம், மறுநாளே கெட்டிக்காரன் என்றும் சொல்வோம். அவனுக்கு எல்லாச் சொல்லும் கிடைக்கும். லுகாகுவுக்கு நான் வேறு சொல்லே கொடுக்கவில்லை என்பதுதான் என் குறை. அந்தக் ‘கறுப்பு’ என்ற அடைமொழி இருக்கிறதே, அது கோலுக்கு எந்த விளக்கமும் தரவில்லை. டி புருய்ன் கோல் அடித்த நாளில் ‘வெள்ளை’ என்று நான் தொடங்கியதில்லை.

உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது என்பதல்ல. ஆறடிக்கு மேல் உயரம், தோள் அகலம், அதை வைத்துத்தான் அவர் டிஃபெண்டரை முதுகில் தாங்கிப் பந்தைக் காப்பாற்றுகிறார். ஆனால் அதே உலகக் கோப்பையில், ஜப்பான் ஆட்டத்துக்கு நான்கு நாள் கழித்து, கசானில் பிரேசிலுக்கு எதிரான காலிறுதியைப் பாருங்கள். பயிற்சியாளர் மார்டினெஸ் அவரை நடுவிலிருந்து எடுத்து வலது ஓரத்தில் நிறுத்தினார். பிரேசிலின் மார்சலோ முன்னேறிப் போனால் பின்னால் விட்டுச் செல்லும் வெற்றிடம் அங்கேதான் இருந்தது. 31-வது நிமிடம், தன் பாதியில் பந்தை வாங்கித் திரும்பி, ஃபெர்னாண்டின்யோவைக் கடந்து, நடு மைதானத்தைக் குறுக்காக வெட்டி ஓடி, டி புருய்ன் சுட வேண்டிய இடமும் நேரமும் பார்த்துப் பந்தை விட்டார். பெல்ஜியத்தை வெல்லவைத்த அந்த இரண்டாவது கோல் டி புருய்னின் பெயரில் இருக்கிறது. என் தலைப்பும் டி புருய்னின் பெயரில்தான் இருந்தது.

அவரைக் குறை சொல்லவும் எனக்குத் தயக்கம் இல்லை. முதல் தொடுதலில் பந்து சில நேரம் அவரை விட்டு விலகிப் போகும். 2020 யூரோப்பா லீக் இறுதியில் இன்டருக்காக ஒரு கோல் போட்டுவிட்டு, பிறகு சேம் சைடு கோலும் அவர் காலிலேயே பட்டது. செவியா 3-2 என்று வென்றது. 2021-ல் 97.5 மில்லியன் பவுண்டுக்கு செல்சி திரும்ப வாங்கிய சில மாதங்களில், இங்கே சந்தோஷமில்லை, இன்டருக்குத் திரும்ப ஆசை என்று இத்தாலியத் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். அது பெரும் தவறு, அவரே மன்னிப்புக் கேட்டார். 2022 கத்தார் உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக அரைமணி நேரத்தில் அவர் தவறவிட்ட வாய்ப்புகளால் பெல்ஜியம் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆட்டம் முடிந்ததும் மாற்று வீரர் கூடாரத்தின் கண்ணாடியைக் குத்தி உடைத்தார். அடுத்த ஆண்டு, மறுபடி இன்டருக்கு ஆடியபோது, இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதியின் கடைசி நிமிடங்களில் பந்தைத் தலையால் நேராக எதிரணி கோல்கீப்பர் எடர்சன் மேலேயே முட்டினார். எழுதலாம், கடுமையாகவே எழுதலாம். ஆட்டக்காரரை ஆட்டத்தை வைத்துத் திட்டுவது அவருக்குத் தரும் மரியாதை. பெரிய உடம்பு, சின்ன மூளை என்று அந்த வாரங்களில் சமூக ஊடகங்களில் ஓடியது வேறு கணக்கு. நேற்று நாம் எழுதிய பாராட்டிலிருந்து பாதியை வெட்டி எடுத்தால் அந்த வசை கிடைத்துவிடுகிறது. அதைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் நாம்.

2023 ஏப்ரல் 4, டூரின். இத்தாலியக் கோப்பை அரையிறுதியில் யுவென்டஸுக்கு எதிராக இன்டருக்கு 95-வது நிமிடத்தில் பெனால்டி. எதிரணி ரசிகர் கூட்டத்திலிருந்து மறுபடியும் அந்தச் சத்தங்கள். கோல் அடித்தார். நெற்றியில் ஒரு கையை வைத்துச் சல்யூட் அடித்தபடி, மறு கை விரலை உதட்டில் வைத்து அசையாமல் நின்றார். கூட்டத்தைத் தூண்டினார் என்று நடுவர் அவருக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டி வெளியேற்றினார். பிறகு இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரே தலையிட்டு ஓர் ஆட்டத் தடையை நீக்கினார். என் மனதில் நிற்பது அந்த நிற்றல்தான். காலில் வேகம் உள்ளவர், தோளில் பலம் உள்ளவர், அந்த நொடியில் ஒன்றையும் பயன்படுத்தாமல் நின்றார்.

2024-ல் பழைய பயிற்சியாளர் கோன்டே கூப்பிட்டு நபோலி போனார். 14 கோல் அடித்தார், சக வீரர்களின் 10 கோலுக்குப் பந்து கொடுத்தார். பட்டத்தை முடிவு செய்யும் கடைசி ஆட்டம் 2025 மே 23 அன்று நேப்பிள்ஸில், அதே கால்யாரிக்கு எதிராக. நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்டாமினே ஒன்று போட்டார். 51-வது நிமிடத்தில் நீண்டு வந்த பந்தைத் துரத்தி, தடுத்தவர்களைத் தோளால் விலக்கி ஓடிப்போய் லுகாகு இரண்டாவதைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது. இப்போது என் நாற்காலியில் இருக்கும் தம்பி.

“சார், பக்கம் போகணும். லுகாகு படத்துக்கு ‘மதயானை’ன்னு வச்சிருக்கேன். ஓகேவா?”

“ரீப்ளே பாத்தியா?”

“கோல மட்டும் பாத்தேன் சார்.”

“பந்து வர்றதுக்கு முன்னாடி அவர் என்ன பண்றார்னு பாரு.”

“டைம் இல்ல சார், அஞ்சு நிமிஷம்தான் இருக்கு.”

“அப்ப நடந்தத மட்டும் எழுது.”

காலையில் பேப்பர் வந்தது. நான்கு காலம் அகலத்துக்குப் படம். கீழே சின்ன எழுத்தில்: ‘கால்யாரிக்கு எதிராக நபோலியின் 2-வது கோலை அடித்த மகிழ்ச்சியில் பெல்ஜிய வீரர் லுகாகு.’